ரீகாம்பினன்ட் ஐஎல்-2: ஆர்டர் போடுவதிலிருந்து செல்லில் ஊற்றும் வரை முழுமையான வழிகாட்டி

உறைஉலர்த்திய பொடியாக வரும் மனித இன்டர்லூக்கின்-2 (ஐஎல்-2) புரதத்தை டி செல் (ஒரு வகை வெள்ளையணு) வளர்ப்புக்குப் பயன்படுத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டி செல்லைப் பெருகத் தூண்டும் புரதம் இது. ரீகாம்பினன்ட் என்றால் அதன் மரபணுவை வேறொரு உயிரியில் வைத்துச் செய்தது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை பட்டாணி மாதிரி ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர்களில் லேப் நடத்துகிறவர்கள்தான் மனதில் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் ஒரு குப்பி வீணானால் பக்கத்து லேப்பில் கைமாற்றாக வாங்கிக்கொள்ளலாம். இங்கே அடுத்த குப்பி வருவதற்குள் செல்லும் செத்துவிடும், மாணவரின் செமஸ்டரும் முடிந்துவிடும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் செல் வளர்ப்பு அல்ல, குப்பியைத் திறந்த முதல் அரை மணி நேரம். அதனால் திறப்பதற்கு முன் செய்யவேண்டியவைக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஐஎல்-2 மாதிரி செல்களுக்கிடையே சேதி சொல்லும் மற்ற புரதங்களுக்கும் (சைட்டோகைன்கள்) இந்த வரிசை பொருந்தும். எங்கே பொருந்தாதோ அங்கே சொல்கிறேன்.

1. ஆர்டருக்கு முன் கணக்கு

முதலில் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 20 மில்லிலிட்டர் மீடியத்தில் (செல் வளரும் ஊட்டத் திரவம்) ஒரு மில்லிக்கு 50 ஐயு (சர்வதேச அலகு) வேண்டும் என்றால், ஒரு முறைக்குத் தேவை 1,000 ஐயு. குப்பியில் 10 மைக்ரோகிராம் இருக்கிறது, அதன் வீரியம் மில்லிகிராமுக்கு 1 கோடி ஐயு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் குப்பியில் இருப்பது 1 லட்சம் ஐயு, காகிதக் கணக்கில் 100 முறைக்குப் போதும். 1 மில்லிகிராம் குப்பி வாங்கினால் மைக்ரோகிராம் விலை குறைவுதான். ஆனால் சின்ன லேப்பில் அது தீர்வதற்குள் பழசாகிவிடும்.

அலகில் ஒரு பொறி இருக்கிறது. சில நிறுவனங்கள் வீரியத்தை இடி50 (உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு) மதிப்பிலிருந்து கணக்கிட்டு, வெறும் ‘யூனிட்’ என்று போடுகிறார்கள். 10 லட்சத்தை இடி50-ஆல் (நானோகிராம்/மில்லியில்) வகுத்தால் மில்லிகிராமுக்கான யூனிட் வரும். இடி50 0.1 என்றால் 1 கோடி. ஐயு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்பீட்டுத் தரத்தோடு பக்கத்தில் வைத்து அளந்தது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு கட்டுரையில் ‘100 ஐயு’ என்று படித்துவிட்டு, வேறு நிறுவனத்தின் 100 யூனிட்டை ஊற்றிவிட்டுப் பிறகு குழம்புகிறவர்கள் நிறைய.

அடுத்தது எந்த வகை என்பது. பிஎஸ்ஏ (மாட்டுச் சீர ஆல்புமின்) போன்ற துணைப் புரதம் கலந்தது, கலக்காதது என இரண்டு உண்டு. செல் வளர்ப்புக்குக் கலந்தது நல்லது, பிளாஸ்டிக்கில் ஒட்டி வீணாவது குறையும். சாயமோ பயோட்டினோ இணைக்கும் வேலை இருந்தால் மட்டும் கலக்காததை வாங்குங்கள், ஏனென்றால் சாயம் பிஎஸ்ஏ மீதும் போய் உட்காரும்.

எந்த உயிரினத்துக்கானது என்றும் பாருங்கள். மனித ஐஎல்-2 எலி டி செல்லிலும் வேலை செய்யும். அதை நம்பி வேறு சைட்டோகைன்களான மனித இன்டர்ஃபெரான்-காமாவையோ ஜிஎம்-சிஎஸ்எஃபையோ எலி செல்லில் போடாதீர்கள், ஒன்றும் நடக்காது.

கடைசியாக எண்டோடாக்சின். சந்தையில் கிடைக்கும் ஐஎல்-2 பெரும்பாலும் ஈ.கோலையில் செய்தது, அந்தப் பாக்டீரியாவின் சுவர்ச் சரக்கு கொஞ்சம் கூடவே வரும். எண்டோடாக்சின் என்பது அதுதான், அதை அளக்கும் அலகு இயூ. மைக்ரோகிராமுக்கு 1 இயூவுக்குக் கீழ் என்று போட்ட புரதத்தை மில்லிக்கு 100 நானோகிராம் அளவில் ஊற்றினால், மில்லிக்கு அதிகபட்சம் 0.1 இயூ உள்ளே போகும். எல்பிஎஸ் (எண்டோடாக்சினின் வேதிப்பெயர்ச் சுருக்கம்) கணக்கில் ஏறக்குறைய 10 பிக்கோகிராம். சுத்தமான டி செல்லுக்கு அது பொருட்டில்லை. மோனோசைட் (இன்னொரு வகை வெள்ளையணு) இருக்கும் வளர்ப்பில் அந்த அளவுக்கே சிலிர்த்துக்கொள்ளும் செல்கள் உண்டு. மோனோசைட்டோடு வேலை என்றால் மைக்ரோகிராமுக்கு 0.1 இயூவுக்குக் கீழ் உள்ளதைத் தேடுங்கள்.

2. எந்தக் கிழமை அனுப்பச் சொல்வது

கெடாவில் அரசு வார விடுமுறை வெள்ளி, சனி. கோலாலம்பூர் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் ஒன்றாக வேலை செய்வது திங்கள் முதல் வியாழன் வரைதான். புதன் மாலை அங்கிருந்து கிளம்பிய பெட்டி ஒரு நாள் தாமதமானால் வெள்ளிக்கிழமை வந்து நிற்கும். வாசல் காவலாளி கையெழுத்துப் போட்டு வாங்கி, மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். ஞாயிறு காலைதான் கண்ணில் படும்.

அதனால் ஆர்டரிலேயே ‘திங்கள் அல்லது செவ்வாய் மட்டும் அனுப்பவும்’ என்று எழுதுங்கள். வாங்கிக்கொள்ளும் ஆளின் கைப்பேசி எண்ணும் அதில் இருக்கட்டும். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு வாரங்களில் ஆர்டரே வேண்டாம்.

3. பெட்டி வந்த அன்று

ஐஸ் பேக் உருகிப்போய் வந்தால் பதறி திருப்பி அனுப்பிவிடாதீர்கள். முதலில் டேட்டாஷீட்டைப் பாருங்கள். உறைஉலர்த்திய ஐஎல்-2 அறை வெப்பத்தில் சில நாள் தாங்கும், பல நிறுவனங்கள் ஐஸ் இல்லாமலே அனுப்புகிறார்கள். திரவமாக உறைய வைத்து, உலர்பனியில் வரவேண்டியது உருகி வந்திருந்தால் கதை வேறு. போட்டோ எடுத்து அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

லாட் எண்ணை (எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண்) நோட்டில் எழுதிவிட்டு, அந்த லாட்டுக்கான பகுப்பாய்வுச் சான்றிதழை இறக்கி வையுங்கள். பொதுவான டேட்டாஷீட்டும் இந்தச் சான்றிதழும் ஒன்றல்ல. கரைக்கும் திரவம் லாட்டுக்கு லாட் மாறுவதுண்டு. பிறகு திறக்காத குப்பியை மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். இன்றைக்குத் திறக்க வேண்டாம்.

4. திறக்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

இந்தப் பட்டியல் முழுதாக மேசைக்கு வராமல் குப்பி ஃப்ரீசரை விட்டு வெளியே வரக்கூடாது. கரைத்த பிறகு லேபிள் ஒட்ட ஆரம்பிப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. கரைசல் அரை மணி நேரம் டியூபில் காத்திருக்கும், புரதம் அந்த நேரத்தில் சுவரில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

முதலில் கரைக்கும் திரவம். ஐஎல்-2வுக்குப் பல நிறுவனங்கள் சொல்வது 0.1% பிஎஸ்ஏ கலந்த 100 மில்லிமோலார் அசெட்டிக் அமிலம். கெட்டியான அசெட்டிக் அமிலம் 17.4 மோலார். அதில் 0.57 மில்லிலிட்டரை எடுத்து, தண்ணீரில் விட்டு, மொத்தம் 100 மில்லிலிட்டர் ஆக்குங்கள். பிஎஸ்ஏ 100 மில்லிக்கு 0.1 கிராம், எண்டோடாக்சின் குறைந்த செல் வளர்ப்பு ரகமாக இருக்கட்டும். கலந்ததும் 0.22 மைக்ரான் ஃபில்டரில் விட்டுக் கிருமி நீக்குங்கள். ஃபில்டர் வேலை இந்த இடத்தோடு சரி. ஐஎல்-2 கரைந்த பிறகு அதை ஃபில்டரில் விட்டால், மைக்ரோகிராம் கணக்கில் உள்ள சரக்கில் நல்ல பங்கு ஃபில்டரிலேயே தங்கிவிடும்.

அடுத்தது புரதம் ஒட்டாத ரக 0.5 மில்லிலிட்டர் டியூப்கள், ஒன்பது அல்லது பத்து. ஒவ்வொன்றிலும் புரதத்தின் பெயர், லாட் எண், செறிவு, கரைத்த திரவம், தேதி ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். மார்க்கர் பேனா ஆல்கஹால் பட்டால் போய்விடும். குளிருக்கான லேபிளில் பென்சிலால் எழுதுவதே மேல். டியூப்கள் ஐஸில் காத்திருக்கட்டும்.

பிறகு அளவு சரிபார்த்த பிப்பெட். 10 மைக்ரோலிட்டரை நம்பி எடுக்க முடியாத பிப்பெட் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

5. கரைத்தல்

குப்பியை மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், 20 முதல் 30 நிமிடம் ஆகும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இந்தப் படியைத் தாண்டவே முடியாது. குளிர்ந்த குப்பியைத் திறந்த நொடியில் உள்ளே வியர்த்துவிடும். அந்த ஈரம் பொடியில் இறங்கினால், நீங்கள் திரவம் ஊற்றும் முன்பே அது சீரில்லாமல் நனைந்து கட்டியாகும்.

அடுத்து, செண்ட்ரிஃபியூஜில் 20, 30 விநாடி ஒரு சுழற்று. பயணத்தில் பொடி மூடிக்கும் சுவருக்கும் ஏறியிருக்கும், இதைச் செய்யாமல் திறந்தால் மூடியோடு போய்விடும். குப்பியை ஒரு பெரிய டியூபுக்குள் நிறுத்திச் சுழற்றலாம்.

திறந்ததும் பலரிடமிருந்து வரும் முதல் வார்த்தை: “அக்கா, குப்பி காலியா வந்திருக்கு!” காலியில்லை. 10 மைக்ரோகிராம் புரதம் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் அது பெரும்பாலும் கூடச் சேர்த்த ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை, உப்பு வகைகள்தான். அடியில் மெல்லிய படலம் இருக்கலாம், ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம்.

10 மைக்ரோகிராமுக்கு 100 மைக்ரோலிட்டர் கரைக்கும் திரவம் விடுங்கள். செறிவு மில்லிக்கு 0.1 மில்லிகிராம். இதற்குக் கீழே போகாதீர்கள். புரதம் குறையக் குறைய, பிளாஸ்டிக்கில் ஒட்டுகிற பங்கு பெரிதாகும். திரவத்தை அடியில் குத்தாமல், சுவர் வழியாக மெல்ல இறக்குங்கள். குப்பியைச் சாய்த்து, சுற்றிச் சுவரெல்லாம் நனையும்படி உருட்டுங்கள். அறை வெப்பத்தில் 10 முதல் 15 நிமிடம் அப்படியே விடுங்கள்.

வோர்ட்டெக்ஸ் (டியூபை அதிரவைத்துக் கலக்கும் கருவி) வேண்டாம். பிப்பெட்டால் நுரை வரும்படி ஏற்றி இறக்கவும் வேண்டாம். நுரைக்குமிழியின் மேற்பரப்பில் புரதம் விரிந்து உருக்குலையும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும்.

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும்: அமிலம் ஊற்றினால் உறைந்துவிடாதா? ரப்பர் பாலில் ஃபார்மிக் ஆசிட் விட்டால் கட்டியாவதைப் பார்த்த கண்கள் அவை. நல்ல சந்தேகம்தான். ரப்பர் பாலின் துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன, அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணிப்பதால் உறைகிறது. ஐஎல்-2வில் நடப்பதும் அதே விதிதான், இடம்தான் வேறு. அதன் மின்னூட்டம் தணிவது நடுநிலை பிஹெச்சுக்குப் பக்கத்தில். பிபிஎஸ்ஸில் (நடுநிலை பிஹெச் உள்ள உப்புக் கரைசல்) நேராகக் கரைத்தால் அது திரளப் பார்ப்பது அதனால்தான். அமிலத்தில் மூலக்கூறுகள் எல்லாம் நேர் மின்னூட்டம் பெற்று விலகி நிற்கும்.

இதை எல்லா சைட்டோகைனுக்கும் நீட்டிவிடாதீர்கள். இன்டர்ஃபெரான்-காமாவை அமிலத்தில் கரைத்தால் அதன் கதை முடிந்தது. டிஜிஎஃப்-பீட்டாவுக்கு 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கேட்பார்கள். சான்றிதழில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே சட்டம். அதில் தண்ணீர் என்று இருந்தால் தண்ணீர்தான்.

6. பங்கிடுதல்

உடனே 10 மைக்ரோலிட்டர் வீதம் டியூப்களில் பிரியுங்கள். 100 விட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஒன்பது முழுப் பங்குதான், பத்தாவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 10 மைக்ரோலிட்டருக்குக் கீழே பங்கு போட்டால், சுவரின் பரப்போடு ஒப்பிடும்போது திரவம் குறைந்து இழப்பு கூடும்.

ஒரு பங்கில் 10,000 ஐயு இருக்கிறது. ஒரு வார வேலைக்கு ஒரு பங்கு என்று பிரித்ததன் காரணம், உருக்கியதை மறுபடி உறைய வைக்கக்கூடாது என்பது. உறையும்போது பனிக்கட்டிக்கு வெளியே உப்பும் புரதமும் நெருக்கியடித்துச் சேரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கட்டியாகும்.

7. எந்த ஃப்ரீசர்

மைனஸ் 80 இருந்தால் அங்கே, இல்லையென்றால் மைனஸ் 20. வீட்டு ரகத்தில் வரும், பனி படியாத ஃப்ரீசர் மட்டும் வேண்டாம். அது பனியைக் கரைக்க இடையிடையே தன்னையே சூடாக்கிக்கொள்ளும். நீங்கள் தொடாமலே உங்கள் டியூப் உருகி உறைந்துகொண்டிருக்கும்.

ஏப்ரல்-மே, செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் மாலை இடிமழையோடு கரண்ட் போவது இங்கே புதிதல்ல. ஜெனரேட்டரோடு இணைந்த ப்ளக் எது என்று முன்பே கேட்டு வையுங்கள். டியூப்களைக் கதவுப் பக்கம் வைக்காமல், அடித்தட்டில் பின்புறமாக, உறைந்த ஐஸ் பேக்குகளுக்கு நடுவே ஒரு பெட்டியில் வையுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் செய்யக்கூடிய பெரிய உதவி. உச்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்று உள்ளே இருந்தால், விடுமுறை முடிந்து வந்ததும் நடந்தது தெரிந்துவிடும்.

8. வேலை நாளில் நீர்த்தல்

ஒரு பங்கை ஐஸில் உருகவிட்டு, ஒரு சின்னச் சுழற்று கொடுங்கள். மூலக்கரைசலில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000 ஐயு இருக்கிறது. நமக்கு வேண்டியது 20 மில்லிலிட்டருக்கு 1,000 ஐயு, ஆக 1 மைக்ரோலிட்டர். இதை நேராக எடுத்து ஊற்றத்தான் கை போகும், ஊற்றாதீர்கள். 1 மைக்ரோலிட்டரில் பிப்பெட்டின் பிழையே பெரிது. முனைக்கு வெளியே ஒட்டிய துளி அதை இரட்டிப்பாக்கும்.

அதற்குப் பதில் இடைக்கரைசல். 10% எஃப்பிஎஸ் (கன்றுக் கருவின் சீரம்) சேர்த்த ஆர்பிஎம்ஐ 1640 மீடியம் 990 மைக்ரோலிட்டர் எடுத்து, அதில் 10 மைக்ரோலிட்டர் பங்கு முழுவதையும் விடுங்கள். இப்போது ஒரு மைக்ரோலிட்டருக்கு 10 ஐயு. இதிலிருந்து 100 மைக்ரோலிட்டரை 20 மில்லிலிட்டர் மீடியத்தில் சேர்த்தால் மில்லிக்கு 50 ஐயு. மீதியை 4 டிகிரியில் வைத்து அந்த வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தீராததைக் கொட்டிவிடுங்கள், ஃப்ரீசருக்குத் திரும்ப வேண்டாம்.

இடைக்கரைசலை வெறும் பிபிஎஸ்ஸில் போடுவதும் அடிக்கடி பார்க்கிற தவறு. சீரத்தில் இருக்கும் புரதங்கள் பிளாஸ்டிக்கின் ஒட்டும் இடங்களை முதலில் பிடித்துக்கொள்வதால்தான் ஐஎல்-2 தப்பிக்கிறது. சீரம் இல்லாத வளர்ப்பு என்றால் 0.1% பிஎஸ்ஏ சேருங்கள்.

அமிலம் செல்லைக் கெடுக்குமோ என்ற கவலை வேண்டாம். இடைக்கரைசலில் அசெட்டிக் அமிலம் 1 மில்லிமோலார்தான், 20 மில்லிலிட்டரில் போனபின் 5 மைக்ரோமோலார். மீடியத்தின் பைகார்பனேட்டுக்கு அது தூசு.

9. செல்லில் ஊற்றுவது

ரத்தத்திலிருந்து பிரித்த புதிய பிபிஎம்சியில் (டி செல், மோனோசைட் எல்லாம் கலந்த வெள்ளையணுக்கள்) நேராக ஐஎல்-2 ஊற்றிவிட்டு, டி செல் பெருகவில்லையே என்று வருவார்கள். ஓய்வில் இருக்கும் டி செல்களில் பெரும்பாலானவற்றில் சிடி25 என்ற மேற்பரப்புப் புரதம் மிகக் குறைவு. அது சேர்ந்தால்தான் ஐஎல்-2வை இறுக்கிப் பிடிக்கும் ஏற்பி முழுமையாகும். முதலில் பிஹெச்ஏ (டி செல்லைத் தூண்டும் தாவரப் புரதம்) கொண்டோ, டி செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி3, சிடி28 ஆகியவற்றுக்கான எதிர்ப்புரதங்கள் கொண்டோ தூண்டுங்கள். சிடி25 மேலே வந்த பிறகு ஐஎல்-2. பெருகும் செல்கள் ஐஎல்-2வைத் தின்றுகொண்டே போகும், அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாகச் சேர்க்கவேண்டும்.

கட்டுப்பாட்டுக் குழிகளில் (ஒப்பிட்டுப் பார்க்க வளர்ப்புத் தட்டில் ஒதுக்கும் குழிகள்) கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்றில் கரைக்கும் திரவம் மட்டும், அதே அளவு, அதே பிஎஸ்ஏவோடு. வெறும் மீடியம் இதற்கு ஈடாகாது. இன்னொன்று, எண்டோடாக்சின் சந்தேகத்துக்கு: புரதத்தைக் கொதிநீரில் 30 நிமிடம் வைத்துப் பிறகு ஊற்றியது. கொதியில் சைட்டோகைன் உருக்குலையும், எல்பிஎஸ் தாங்கிக்கொள்ளும். கொதித்த குழியிலும் மோனோசைட்டுகள் டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்) சுரந்தால், நீங்கள் பார்த்தது ஐஎல்-2வின் வேலையாக இருக்காது. சில புரதங்கள் சூட்டுக்கு முழுதாக மசியாது. ஆகவே எல்பிஎஸ்ஸை முடக்கும் பாலிமிக்சின்-பி சேர்த்த குழியோ, ஐஎல்-2வை முடக்கும் எதிர்ப்புரதம் சேர்த்த குழியோ கூட இருக்கட்டும்.

அப்புறம், ஐஎல்-2 சேர்த்த வளர்ப்பின் மீடியத்தில் எலைசாவால் (எதிர்ப்புரதம் கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) ஐஎல்-2 அளந்துவிட்டு, ‘செல் சுரந்தது’ என்று எழுதாதீர்கள். நீங்கள் ஊற்றியதையே அளந்திருப்பீர்கள்.

புதிய லாட் வந்தால் வேலையைத் தொடங்கும் முன் ஒரு வீரியச் சோதனை செய்யுங்கள். மில்லிக்கு 10 நானோகிராமில் தொடங்கி, மும்மடங்கு வீதம் மொத்தம் எட்டுச் செறிவுகளாக இறக்கினால் ஏறக்குறைய 0.005 வரை போகும். 0.1 பக்கத்து இடி50 வளைவின் நடுவே விழும். இதற்கு எலியின் சிடிஎல்எல்-2 செல்கள் வழக்கம், ஐஎல்-2 இல்லாமல் அவை சாகும். சோதனைக்கு முன் அந்தச் செல்களை நன்றாகக் கழுவுங்கள். பழைய மீடியத்தின் ஐஎல்-2 மிச்சமிருந்தால் வளைவு தட்டையாகிவிடும்.

10. வேலை செய்யவில்லை என்றால் எதை முதலில் பார்ப்பது

புரதத்தைக் குறை சொல்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் செல்: சிடி25 வந்ததா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்க்கும் முறை) பாருங்கள். அந்தக் கருவி உங்கள் லேப்பில் இல்லையென்றால், முன்பு நன்றாக வேலை செய்த பழைய லாட்டின் ஒரு பங்கைப் பக்கத்தில் ஓட்டுங்கள். இதற்காகவே ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பங்கைத் தொடாமல் வைக்கச் சொல்வேன்.

இரண்டாவது கணக்கு. ஆயிரம் மடங்கு தவறு எப்போதும் நானோகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். இன்னொருவரிடம் குப்பியின் லேபிளை மட்டும் கொடுத்து, முதலிலிருந்து போடச் சொல்லுங்கள். உங்கள் நோட்டைக் காட்டினால் அவரும் அதே வழியில் போய் அதே இடத்தில் விழுவார்.

மூன்றாவது, இப்போது பயன்படுத்தும் பங்கு மட்டுமா, எல்லாப் பங்குமா? ஒன்று மட்டும் என்றால் அந்த டியூபை யாரோ உருக்கித் திரும்ப வைத்திருப்பார்கள். எல்லாமே என்றால் கரைத்த அன்று நடந்ததையும் ஃப்ரீசரின் வெப்பப் பதிவையும் பாருங்கள். அதிலும் ஒன்றும் இல்லையென்றால், லாட் எண், கரைத்த தேதி, திரவம், பழைய லாட்டோடு ஒப்பிட்ட வீரிய வளைவு ஆகியவற்றைச் சேர்த்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். வளைவு இல்லாமல் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால், எப்படிக் கரைத்தீர்கள் என்ற கேள்விதான் பதிலாக வரும்.